மூதறிஞர் முதற் குடியரசுத் தலைவராகியிருந்தால்?

நடந்தவற்றை நடந்தவாறு உரைப்பதே வரலாறு. நடவாதவற்றைப் பற்றிப் பேசுவது பொழுதுபோக்கே என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், ஒரு நாட்டின் வாழ்வில் முடிவு நூலிழையில் மாறிப் போன வேளைகள் சில உண்டு. அவ்வேளைகளில் மறுமுடிவு ஏற்பட்டிருப்பின் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது, நடந்ததன் காரணத்தையும் மதிப்பையும் தெளிவாக அறிய உதவும். அத்தகைய வேளை ஒன்று 1949-ஆம் ஆண்டின் இறுதியில் பாரத நாட்டிற்கு வாய்த்தது. தமிழர் ஒருவர் இந்தியக் குடியரசின் முதல் தலைவராக அமரவிருந்து, அமராமற் போன வேளை அது. அவர்தாம் மூதறிஞர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்.

ஐரோலியில் கூடி ஆண்டு விழா எடுக்கும் நமக்கு இப்பொருள் தொலைவானது அன்று. இவ்வரலாற்றின் முக்கியமான காட்சிகள் சில, நாம் நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்பும் இப்பம்பாய் மாநகரிலேயே நிகழ்ந்தவை. ஐரோலிப் பாலத்தைக் கடந்து முலுண்டு நிலையத்தில் வண்டி ஏறினால் மாட்டுங்காவை அடைகின்றோம். நம்முடைய கதையும் அந்த மாட்டுங்காவிலிருந்தே தொடங்குகின்றது.

மாட்டுங்காவில் வீசப்பட்ட தார்

1942-ஆம் ஆண்டு. உலகப் போர் இந்தியாவின் கீழ்வாயிலை எட்டியிருந்தது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்நிலையில், காங்கிரசும் முஸ்லிம் லீகும் உடன்பாடு கண்டாலன்றி ஆங்கிலேயரிடமிருந்து ஆட்சியைப் பெறுதல் இயலாது என்று இராஜாஜி கருதினார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகள் பிரிந்து செல்ல விரும்பினால் அவ்வுரிமையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டு, அவர்களுடன் சேர்ந்து தேசிய அரசு ஒன்றை அமைக்கலாம் என்பது அவர் கருத்து. ஏப்ரல் மாதத்தில் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் உறுப்பினர்களைக் கொண்டு இக்கருத்தைத் தீர்மானமாகவும் நிறைவேற்றினார்.

நாடே கொதித்தெழுந்தது. அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில் அவருடைய யோசனைக்கு ஆதரவாக 15 வாக்குகளும் எதிராக 120 வாக்குகளும் விழுந்தன. அவர் மனம் தளரவில்லை. மக்களிடமே நேரிற் சென்று தம் கருத்தை எடுத்துரைக்கலானார். அவ்வாறு மாட்டுங்காவில் அவர் பேசிய கூட்டத்தில் அவர்மீது தார் வீசப்பட்டது. தென்னாட்டார் நிறைந்து வாழ்ந்த பகுதி அது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றி வளர்ந்த இடமும் அதுவே. வேதாரணியத்தில் உப்பெடுத்த தலைவர், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர், தமிழருக்கு நன்கு அறிமுகமான அவ்வூரிலேயே தாரை ஏற்க நேர்ந்தது.

அவ்வாண்டு ஜூலையில் அவர் காங்கிரசை விட்டு விலகினார். ஆகஸ்டு 8-ஆம் நாள் பம்பாய்க் கோவாலியா குளத்து மைதானத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காந்தியடிகளும் நேருவும் படேலும் சிறைப்பட்டனர். அத்தீர்மானத்தை ஏற்காத இராஜாஜி வெளியே இருந்தார். தோழர்கள் எல்லாம் சிறையில் வாடும்போது தாம் மட்டும் வெளியில் நடமாடுவது, சிறை செல்வதைக் காட்டிலும் கடுமையான தண்டனை என்பதை அக்காலத்து உணர்ச்சியை அறிந்தோர் உணர்வர்.

ஆனால் வெளியில் இருந்த அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. 1943-இல் பூனா ஆகாகான் மாளிகையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தபோது அவரைக் கண்டு, தாம் வகுத்த திட்டத்திற்கு இசைவு பெற்றார். ‘இராஜாஜி திட்டம்’ என 1944-இல் வெளிவந்தது அதுவே. லீக் விடுதலைக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால அரசில் ஒத்துழைக்க வேண்டும். போர் முடிந்த பின், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள, ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் மாவட்டங்களில் மக்கள் அனைவரின் வாக்கையும் பெறவேண்டும். பிரிவதே முடிவாயின் பாதுகாப்பு, வாணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இதுவே அதன் சாரம்.

இத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 1944 செப்டம்பர் 9 முதல் 27 வரை காந்தியடிகளும் ஜின்னாவும் பேச்சு நடத்தினர். அப்பேச்சு நடந்த இடமும் நம் பம்பாயே. மலபார் குன்றில் ஜின்னாவின் மாளிகை. பேச்சு முறிந்தது. மூன்றாண்டுகள் கழித்து நாடு பிளந்தபோது, பஞ்சாபும் வங்கமும் பெரும்பான்மையினர் தொடர்ந்து வாழும் பகுதிகள் என்னும் அந்த அடிப்படையிலேயே வெட்டப்பட்டன. வேறுபாடு ஒன்றுதான்: உடன்பாட்டினால் வரவேண்டியது குருதியாற்றின் வழியே வந்தது. 1942-இல் தார் வீசப்பட்ட கருத்தினும் பன்மடங்கு கசப்பானதை 1947-இல் காங்கிரசே ஏற்க வேண்டியதாயிற்று.

நழுவிய பதவி

விடுதலைக்குப் பின் அவருடைய தகுதியை நாடு மீண்டும் கண்டது. 1947 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநரானார். சுபாஷ் சந்திர போஸை எதிர்த்தவர் என்ற மனக்குறை அங்கே இருந்தும், கலவரத்தால் புண்பட்டிருந்த கல்கத்தாவில் நற்பெயர் ஈட்டினார். 1948 ஜூன் 21-ஆம் நாள் மவுண்ட்பேட்டனுக்குப் பின் கவர்னர் ஜெனரலானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. கடைசி கவர்னர் ஜெனரலும் அவரே.

அரசியலமைப்பு நிறைவேறும் தறுவாயில், குடியரசின் முதல் தலைவர் யார் என்ற கேள்வி எழுந்தது. கவர்னர் ஜெனரலாக இருப்பவரே குடியரசுத் தலைவராகத் தொடரலாம் என்பது பண்டித நேருவின் விருப்பம். 1949 செப்டம்பரில் பாபு இராஜேந்திர பிரசாதுக்கு அவர் இக்கருத்தைக் கடிதமாகவே எழுதினார். தமக்கும் சர்தார் படேலுக்கும் இதுவே எண்ணம் என்றும் குறித்தார். பிரசாதின் மனம் புண்பட்டது. படேலின் ஆதரவோ பிரசாதின் பக்கமே சாய்ந்தது. அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையின் காங்கிரஸ் உறுப்பினர் கூட்டத்தில் நேரு இப்பொருளை எடுத்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அவ்வெதிர்ப்பின் வேர் ஏழாண்டுகளுக்கு முந்தியது. 1942-இல் நாங்கள் சிறையில் இருந்தபோது வெளியில் இருந்தவரையா முதல் குடிமகனாக ஏற்பது என்பதே உறுப்பினர் பலரின் உள்ளத்தில் கனன்ற கேள்வி.

நேரு பணிந்தார். 1950 ஜனவரி 24-ஆம் நாள் பிரசாத் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 26-ஆம் நாள், குடியரசு மலர்ந்ததை அறிவிக்கும் பிரகடனத்தைப் படித்தவர் இராஜாஜி; அதன்பின் பதவி உறுதிமொழி ஏற்றவர் பிரசாத். தாம் அமர்ந்திருக்கக்கூடிய ஆசனத்தைப் பிறருக்கு முறைப்படி ஒப்படைத்துவிட்டு மூதறிஞர் சென்னைக்குத் திரும்பினார்.

இங்கே பிரசாதைக் குறைத்துக் கூறுவது நம் கருத்தன்று. அரசியல் நிர்ணய சபையை மூன்றாண்டுகள் தலைமை தாங்கி நடத்திய அவரும் அப்பதவிக்கு முழுத் தகுதி உடையவரே. நாம் கேட்பது, முடிவு மறுவிதமாகியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பது மட்டுமே.

டெல்லியில் என்ன மாறியிருக்கும்?

முதலில், குடியரசுத் தலைவரின் அதிகாரம் பற்றிய வழக்காறு. பிரசாத் 1951-இல் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பற்றித் தமக்குள்ள மறுப்பை நேருவுக்கு எழுதினார். தம் விருப்பப்படி செயற்படும் உரிமை உண்டோ என்ற கேள்வியையும் எழுப்பினார். தலைமை வழக்கறிஞர் சேதல்வாத், அமைச்சரவையின் அறிவுரைக்குத் தலைவர் கட்டுப்பட்டவரே என்று கருத்துரைத்தார். இருந்தும் 1960-இல் ஒரு பொதுமேடையில் பிரசாத் அக்கேள்வியை மீண்டும் தொட்டார். 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தமே அதனை ஐயமற எழுத்தில் வடித்தது.

இராஜாஜி அவ்விடத்தில் இருந்திருந்தால்? பதினெட்டுத் திங்களுக்கு மேல் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, அமைச்சரவையை மீறாமலும், தம் கருத்தைத் தனியே எடுத்துரைக்கத் தயங்காமலும் நடந்துகொண்டவர் அவர்.  ஆதலின் தொடக்க ஆண்டுகளில் தலைவருக்கும் பிரதமருக்கும் இடையே இருந்த உரசல் குறைந்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஆனால் பின்னாளில்? அரசின் கட்டுப்பாடுகளும் உரிம முறையும் பெருகப் பெருக நேருவோடு கடுமையாக மாறுபட்டவரும் அவரே. உரசல் நீங்கியிருக்கும் என்பதினும், அதன் பொருள் மதத்திலிருந்து பொருளாதாரத்திற்கு மாறியிருக்கும் என்பதே பொருத்தம்.

இரண்டாவது, துணைத் தலைவர் பதவி. திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1952-இல் துணைத் தலைவராகி, 1962-இல் தலைவரானார். முதலிடத்தில் ஒரு தமிழர் இருக்கையில் இரண்டாமிடத்திற்கும் தென்னாட்டவரையே நாடு நாடியிருக்குமா? நாடியிராது என்றே தோன்றுகிறது. ஒருவருக்குக் கிட்டாத வாய்ப்பே மற்றொருவருக்கு வழி திறந்தது எனலாம்.

மூன்றாவது, மொழிச் சிக்கல். அரசியலமைப்பின் ஆணைப்படி 1955-இல் ஆட்சிமொழிக் குழுவை அமைத்தவர் குடியரசுத் தலைவர். அதன் தலைவர் பம்பாயின் முன்னாள் முதலமைச்சர் பி.ஜி.கேர். இந்தியை வளர்க்கும் நடவடிக்கைகளுக்கு 1960-இல் ஆணை பிறப்பித்ததும் குடியரசுத் தலைவரே. இராஜாஜி அப்பதவியில் இருந்திருப்பின் அக்குழுவை நியமிக்கும் ஆணையில் அவரே கையெழுத்திட்டிருக்க வேண்டும். 1958-இல் கல்கத்தாவில் கூடிய மொழி மாநாட்டில் இந்தித் திணிப்பை எதிர்த்து ஒலித்த குரல், மாளிகைச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கும். பதவி தரும் பெருமைக்கு மௌனமே விலை என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழகத்தில் என்ன மாறியிருக்கும்?

டெல்லியினும் பெரிய மாறுதல் தமிழகத்திலேயே ஏற்பட்டிருக்கும்.

1952-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. எதிர்க்கட்சிகள் ஆந்திர கேசரி பிரகாசத்தின் தலைமையில் ஒன்றுகூடி ஆட்சி கோரின. அந்நெருக்கடியில் காங்கிரஸ் தன் மூத்த தலைவரை ஓய்விலிருந்து அழைத்தது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். ஏப்ரலில் இராஜாஜி முதலமைச்சரானார். அவர் டெல்லி மாளிகையில் இருந்திருந்தால், கம்யூனிஸ்டுகளையும் உள்ளிட்ட ஒரு கூட்டணி அரசு சென்னையில் அமைந்திருக்கலாம். அன்றேல் பஞ்சாபில் 1951-இல் நிகழ்ந்தது போலக் குடியரசுத் தலைவரின் ஆட்சி சென்னைக்கும் வந்திருக்கலாம். அப்பொழுது தம் சொந்த மாகாணத்தின் ஆட்சியை ஏற்கும் ஆணையில் இராஜாஜியே கையொப்பமிடும் விந்தையும் நிகழ்ந்திருக்கும்.

முதலமைச்சராக அவர் செய்தவற்றுள் இரண்டினைத் தமிழகம் இன்றும் நினைவில் கொண்டுள்ளது. உணவுக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டையும் 1952 ஜூனில் துணிந்து நீக்கியது ஒன்று. மக்கள் அதை வாழ்த்தினர். 1953-இல் கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் மற்றொன்று. சிற்றூர்ப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது அத்திட்டம். பள்ளிகள் போதாமல், பணமும் போதாமல் இருந்த காலத்தில் மிகுதியான பிள்ளைகளுக்கு இடம் தர இதுவே வழி என்று அவர் வாதாடினார். ஆனால், தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட குடிகளின் செவியில் அது வேறு விதமாகவே ஒலித்தது. அப்பன் தொழிலையே மகனும் செய்க என்பது குலக்கல்வியன்றி வேறென்ன என்று தந்தை பெரியாரும் அறிஞர் அண்ணாவின் இயக்கத்தாரும் போர் தொடுத்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு முற்றியது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

உடன்பாட்டையும் நிதானத்தையும் அனைத்திந்திய மேடையில் போற்றிய தலைவர், சொந்த மண்ணில் இருமுறை அந்நிதானத்தைக் கைவிட்டார் என்பதை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. 1938-இல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது முதன்முறை. அப்போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர் நீத்தனர். 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் இரண்டாம் முறை. இவ்விரண்டிலும் அவர் பிறரைக் கலந்து, இணங்கச் செய்து, பின் செயற்படவில்லை என்பதே பெருங்குறை.

அவர் குடியரசுத் தலைவராகியிருப்பின் இந்த இரண்டாம் போர் எழுந்திராது. காமராசரின் காலம் வேறு வழியில் வந்திருக்கலாம். ஆனால் குலக்கல்வியை ஒழித்தவர் என்ற பேராதரவோடு, பெரியாரின் துணையோடு அவர் அரியணை ஏறியிருக்க மாட்டார். பின்னாளில் ஊர்தோறும் பள்ளி, பள்ளிதோறும் மதிய உணவு என்று விரிந்த அப்பெரும்பணிக்கு அத்துணை வேகம் பிறந்திருக்குமா? அதற்கு உறுதியான விடை கூற ஒருவராலும் இயலாது. ஒன்று மட்டும் கூறலாம்: ஒரு தமிழருக்கு டெல்லி ஆசனம் கிட்டியிருப்பின், கல்வியின் பொருட்டு எழுந்த அம்மாபெரும் விழிப்பு அவ்வாண்டிலேயே அவ்வடிவிலேயே எழுந்திருக்காது.

இலக்கியத்திற்கும் இழப்பு நேர்ந்திருக்கும். பதவியிலிருந்து விலகிய பின் அவர் எழுதிய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. கம்பனையும் வான்மீகியையும் எளிய தமிழில் இல்லந்தோறும் கொண்டு சேர்த்த அந்நூலுக்கு மாளிகை வாழ்வு ஓய்வு அளித்திருக்குமா?

1959-இல் அவர் தோற்றுவித்த சுதந்திராக் கட்சியும் பிறந்திராது. சென்னையில் அறிவிக்கப்பட்ட அக்கட்சியின் முதல் மாநாடு அவ்வாண்டு ஆகஸ்டில் கூடியது இப்பம்பாயில்தான். பம்பாயின் மினூ மசானி அதன் பொதுச் செயலாளரானார். 1967-இல் நாடாளுமன்றத்தில் 44 இடங்களைப் பெற்று எதிர்வரிசையின் பெருங்கட்சியாயிற்று. அவ்வாண்டிலேயே, முன்பு தம்மை எதிர்த்துப் போராடிய திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கைகோத்துத் தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்தவும் மூதறிஞர் துணைநின்றார்.

அமெரிக்காவில் ஓர் ஒப்புமை

சொந்தக் கட்சியே மிதமான போக்குடைய தலைவனைத் தடுப்பது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் குடியரசுக் கட்சியில் நியூயார்க் ஆளுநராக இருந்த நெல்சன் ராக்பெல்லர், இரு கரைகளுக்கும் நடுவே செல்ல விழைந்தவர். 1964-இல் தலைவர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராக முயன்று, கலிபோர்னியாவில் கோல்டுவாட்டரிடம் சிறிய வேறுபாட்டில் தோற்றார். சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் அவர் பேச எழுந்தபோது, சொந்தக் கட்சியினரே கூச்சலிட்டு அவர் குரலை அமுக்கப் பார்த்தனர். நவம்பரில் அக்கட்சி 6 மாநிலங்களை மட்டுமே வென்று படுதோல்வி கண்டது. ராக்பெல்லர் வேட்பாளராகியிருந்தால் என்ற கேள்வியை இன்றளவும் அந்நாட்டார் எழுப்புகின்றனர்.

மாட்டுங்காவில் விழுந்த தாரும் சான்பிரான்சிஸ்கோவில் எழுந்த கூச்சலும் ஒரே மனநிலையின் இரு வடிவங்கள். எதிரியோடு பேசலாம் என்பவன் எதிரியினும் கொடியவனாகத் தோன்றும் மனநிலை அது. எதிர்க்கட்சிக்காரன் தாக்கினால் தன் கட்சியார் அரண் செய்வர். தன் கட்சியாரே தாக்கினால் மிதவழியாளனுக்கு அரண் ஏது?

இங்கே மற்றொன்றையும் நினைவுகூர்வோம். 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்று அகவை நிறைந்த இராஜாஜி காந்தி அமைதி நிறுவனத்தின் தூதராக வாஷிங்டன் சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு அமெரிக்கத் தலைவர் கென்னடியிடம் நேரில் எடுத்துரைத்தார். எப்பதவியும் இல்லாத தனிமனிதராகவே அவர் சென்றார். நாட்டின் தலைவராகச் சென்றிருப்பின் அரசின் கொள்கையைச் சொல்லியிருப்பார்; தனிமனிதராகச் சென்றதால் தம் மனச்சான்றைச் சொன்னார்.

நாம் பெறும் தெளிவு

கூட்டிக் கழித்துப் பார்க்குங்கால், இராஜாஜி முதற் குடியரசுத் தலைவராகாததால் தமிழகம் இழந்ததினும் பெற்றது மிகுதி என்றே நமக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்துக்கு ஒரு கட்சி, இந்தித் திணிப்புக்கு ஓர் எதிர்க்குரல், கல்விக்கு ஒரு விழிப்பு, இல்லங்களுக்கு ஓர் இராமகதை ஆகியவை, அவர் விரும்பியோ விரும்பாமலோ, அவரால் விளைந்தன.

ஆனால் குடியரசு ஒன்றை இழந்தது. உணர்ச்சி பொங்கிய காலத்தில் பெரும்பான்மைக்கு மாறாகப் பேசியவனையும், காலம் கடந்தபின் உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தி மதிப்போம் என்று தன் பிறப்பின்போதே காட்டும் முன்மாதிரியே அது. அம்முன்மாதிரி அமைந்திருந்தால், பின்வந்த கட்சிகளில் மாற்றுக் கருத்துரைக்கும் உறுப்பினன் துரோகியாகக் கருதப்படும் வழக்கம் சற்றேனும் தளர்ந்திருக்கும். 1949-இல் தோற்றது ஒரு மனிதர் மட்டுமன்று. ஒத்துப்போகாதவனுக்கும் வீட்டில் இடம் உண்டு என்னும் கொள்கையும் தோற்றது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும், பின்னர்க் கடற்கழி கடந்து ஐரோலியிலும் குடியேறிய நம்மிடையே பல கட்சியினர் உளர். பல சாதியினரும் சமயத்தினரும் உளர். மூதறிஞரை வணங்குவோரும் உளர். அவரை மன்னிக்க இயலாதோரும் உளர். இரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதே தமிழ்ச் சங்கம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து யாவருக்கும் ஒவ்வாத கருத்தொன்றைச் சொல்லும்போது, அவரை முழுமையாகப் பேசவிட்டு, அதன்பின் மறுத்துரைக்கும் பண்பை நம் சங்கம் போற்றி வளர்க்குமாக. அன்று மாட்டுங்காவில் தவறியதை இன்று ஐரோலியில் நாம் நிறைவு செய்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!